காலுக்கடியில் போட்ட பணம்

வீட்டு ஹாலை நடன வகுப்பாக மாற்ற எவ்வளவு செலவானது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் தொகை 11,700 ரிங்கிட். சிலர், "அவ்வளவுதானா?" என்கிறார்கள். சிலர், "ஒரு ஹாலுக்கா அவ்வளவு?" என்கிறார்கள். இருவருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அதில் 5,650 ரிங்கிட், ஏறக்குறையப் பாதி, தரைக்கே போய்விட்டது. உள்ளே வருகிறவர்கள் கண்ணாடியைப் பாராட்டுவார்கள், திரைச்சீலையைப் பாராட்டுவார்கள். தரையைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நம் தாமான் வீடுகளில் கீழே சிமெண்டுத் தளம், அதன் மேல் டைல்ஸ். துடைக்கச் சுலபம், வெயில் காலத்தில் குளுமை. ஆனால் வெறுங்காலால் ஓங்கித் தட்டி ஆடும் பரதநாட்டியத்துக்கு இதைவிடப் பொல்லாத தரை இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் தட்டடவை எட்டு எண்ணிக்கைக்கு மூன்று காலத்திலும் ஒருமுறை செய்தால் முதல் காலத்தில் 8, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32, ஆக 56 தட்டு. அதையும் அரைமண்டியில் உட்கார்ந்துகொண்டு. ஒரு மணி நேர வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளை எத்தனை நூறு முறை தட்டும்! சிமெண்டு அந்த அதிர்ச்சியில் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. அத்தனையும் குதிகாலிலும் முழங்காலிலும் இடுப்பிலும்தான் ஏறும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் என் கால். 26 வயதில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்தது. நான்கு மாதம் சலங்கை கட்டவில்லை. அப்போது பார்த்த உடற்பயிற்சி சிகிச்சையாளர் எத்தனை மணி நேரம் ஆடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. எந்த மாதிரித் தரையில் ஆடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். சிறுவயதில் நான் கற்றது குருவின் பழைய பலகை வீட்டில். தூண்கள் மேல் நிற்கும் அந்த வீட்டில் மிதித்தால் பலகை இலேசாக அமுங்கி எழும். பிறகு அந்த வீடு போய்விட்டது. வகுப்பு ஒவ்வொரு மண்டபமாக மாறியது. எல்லாம் சிமெண்டு. காலுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனவே தரைதான் முதலில். ஆடும் இடம் 20 அடிக்கு 16 அடி, அதாவது 320 சதுர அடி. நாலுக்கு எட்டு பிளைவுட் பலகை ஒன்று 32 சதுர அடி என்பதால் பத்துப் பலகையில் கச்சிதமாக மூடலாம். ஓர் அடுக்கு போதாது. டைல்ஸ் மேல் அடிக்கு ஒன்றாக நுரைரப்பர்த் துண்டுகள், அதன் மேல் 12 மில்லிமீட்டர் பலகை ஓர் அடுக்கு, அதற்குக் குறுக்காக இன்னோர் அடுக்கு. மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்பு மேல் விழக்கூடாது. அப்படி விழுந்தால் அந்த இடத்தில் தரை சீக்கிரம் தளர்ந்துவிடும். பலகைக்கு 1,500, நுரைரப்பருக்கு 650, மேலே ஒட்டிய மினுமினுப்பு இல்லாத வினைல் விரிப்புக்கு 1,440. மினுமினுக்கும் விரிப்பு மலிவாகவே கிடைத்தது. வியர்த்த காலுக்கு அது வாழைப்பழத்தோல் மாதிரி.

தச்சர் ஒரு சீனப் பெரியவர். நான் வரைந்து காட்டிய படத்தை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு "போலே" என்று ஒரே வார்த்தை. உதவியாளரோடு மூன்று நாள் வேலை, 1,400. கரையான் மருந்து அடிக்காமல் பலகை போடமாட்டேன் என்று அவர்தான் நின்றார். நம் ஊர் ஈரத்துக்கு மரத்தைத் தரையோடு கிடத்தினால் கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி. அந்த 450 என் பட்டியலிலேயே இல்லாத செலவு.

பட்டியலில் வராத இன்னொன்று கதவு. தரை ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் வாசல் கதவு அதில் முட்டும். கதவை அறுக்க மனமில்லை. கதவு சுழலும் மூன்றடியை மட்டும் டைல்ஸாகவே விட்டுவிட்டு, பலகை விளிம்புக்குச் சரிவான மரச்சட்டம் அடித்தோம். அந்த மூன்றடியில்தான் இப்போது செருப்பு அலமாரியும் பெற்றோர் உட்காரும் பெஞ்சும் இருக்கின்றன.

கண்ணாடிக்கு 1,150. சுவர் முழுக்கப் போடச் சொன்னார்கள். நான் 12 அடியோடு நிறுத்திக்கொண்டேன். உயர்த்திய தரையின் மட்டத்திலிருந்தே கண்ணாடி தொடங்க வேண்டும். பாதம் தெரியாத கண்ணாடி நடன வகுப்புக்கு எதற்கு? உடைந்தாலும் சிதறாதபடி பின்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொடுக்கக் கேளுங்கள். வகுப்பின் பாதி நேரம் அதைத் திரை போட்டு மூடிவிடுகிறேன். பிள்ளைகள் தங்களையே பார்த்துக்கொண்டு ஆடினால் கண் கையோடு போகாது.

இரண்டு குதிரைத்திறன் குளிர்சாதனம், பொருத்தும் கூலியோடு 2,450. மின்விசிறி, ஒலிபெருக்கி, மின்கம்பி வேலை, சாயம் எல்லாம் நீங்களே ஊகிக்கக்கூடிய செலவுகள். தட்டுக்கழியும் தட்டுமனையும் குரு கொடுத்தவை. அவற்றுக்கு விலை இல்லை.

சத்தத்துக்குப் பயந்துதான் தடித்த திரைச்சீலைக்கு 600 ரிங்கிட் கொடுத்தேன். ஒட்டு வீடு, நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஓய்வு பெற்ற ஒரு சீன ஆன்ட்டி இருக்கிறார். ஆனால் அவர் ஒருநாளும் சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நுரைரப்பர் கால்களை மட்டுமல்ல, அவரையும் காப்பாற்றியது. அவர் கேட்டது கார்களைப் பற்றி. பிள்ளையை விட வரும் பெற்றோர் அவர் கேட் முன்னாலேயே நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? இப்போது சந்தின் முனையில் இறக்கிவிட்டுப் போக வேண்டும் என்று புலனக் குழுவில் வாரந்தோறும் நினைவூட்டுகிறேன். வீட்டில் வகுப்பு நடத்த அனுமதி கேட்கும் விதிகளும் ஒவ்வொரு நகராண்மைக் கழகத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. பலகை வாங்கும் முன் முகப்பிடத்தில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இனி, வாடகை. கடைவீட்டின் மாடி ஒன்றைப் பார்த்தேன். மாதம் 1,500. முதல் மாத வாடகை, இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று 5,250 ரிங்கிட்டைக் கொடுத்தால்தான் சாவி. அதற்குப் பிறகும் கீழே சிமெண்டுதான். என்னிடம் 14 பிள்ளைகள் படிக்கிறார்கள். 11 பேர் மாதம் 80 ரிங்கிட், இருவர் பாதி. ஒரு பெண் எதுவும் தருவதில்லை, நன்றாக ஆடுகிறாள். ஆக மாதம் 960. கடைவீட்டுக்குப் போனால் வாடகைக்கே கட்டணத்தை ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்த்த வேண்டும். முதலில் நின்றுவிடுவது யாருடைய பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் மின்கட்டணமும் மற்றதும் போக 860 நிற்கிறது. போட்ட பணம் திரும்ப 14 மாதம். இதில் என் சனி, ஞாயிறுக்குக் கூலி சேர்க்கவில்லை.

வாடகை மிச்சம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையில் அதைக் கட்டுவது அப்பா. ஜன்னலோரம் அவர் நாற்காலி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி. தொலைக்காட்சியைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் மாற்றினோம். மூட்டுவலியால் அவரால் மாடிக்கு ஏறி இறங்க முடியாது. சனிக்கிழமை மாலை சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒலியைக் குறைத்து வைத்துப் பந்து விளையாட்டுப் பார்க்கிறார். தீபாவளிக்கு வந்த உறவினர்கள் சோபா எங்கே என்று தேடினார்கள். "இது இப்ப வீடில்லப்பா, மண்டபம். பாயில உக்காருங்க" என்றார் அப்பா. அது குறையா பெருமையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளை தாளம் தப்பினால் உள்ளேயிருந்து "தெய்யா தெய்" என்று அவர் குரல் வருகிறது.

புதிதாகத் தொடங்க நினைக்கும் தோழிகள் இரண்டு பேர் போன மாதம் வந்து பார்த்தார்கள். ஒருத்தி வளைய விளக்கும் சுவர் ஓவியமும் வாங்கிவிட்டாள். தரை பிறகு பார்க்கலாமாம். அவளைப் பலகை மேல் நிற்க வைத்து ஒரு தட்டடவு செய்யச் சொன்னேன். பிறகு வாசலோர டைல்ஸில் அதையே செய்யச் சொன்னேன். தச்சரின் எண்ணை வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு அடுத்த செலவு வாசல் கூரை. பெஞ்சில் மூன்று பேர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் வெளியே மழையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குத்தகையாளர் 2,800 கேட்கிறார். 2,500 என்று சொல்லியிருக்கிறேன்.