சிறுவாடும் முன்பணமும்

நாட்டுக்கு வரவு செலவுத் திட்டம் உண்டு. நகராட்சிக்கு உண்டு, ஊராட்சிக்கு உண்டு, ஊர்க்கோடியில் உள்ள பால் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உண்டு. அமைச்சர் படிக்கிறார், உறுப்பினர்கள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள், ஏடுகள் எழுதுகின்றன, நாமும் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, "பற்றாக்குறை இத்தனை கோடியாமே, இவர்களுக்குக் கணக்குத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரிக்கிறோம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று படித்தவர் நீதிக் கட்சியில் இருந்த கோவைத் தமிழர் ஆர். கே. சண்முகம் என்று மார்தட்டவும் செய்கிறோம். எல்லாம் சரி. சிரித்து முடித்து, தேநீருக்குக் காசு கொடுத்து, வீடு திரும்பும் தோழர்களே! உங்கள் வீட்டின் பற்றாக்குறை எவ்வளவு? சொல்ல முடியுமா?

சொல்ல வல்லவர் ஒருவர் வீட்டிலே இருப்பார். அடுக்களையில் இருப்பார். அவரை எவரும் கேட்டதில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூரில் நாம் வளர்ந்த நாளில், நம் அன்னையார் கடுகு டப்பாவின் அடியில் சில்லறை வைத்திருப்பார். அரிசிப் பானையிலும் சிறிது கிடக்கும். பழம்புடவை மடிப்பிலும் சிறிது கிடக்கும். அதற்குச் சிறுவாடு என்று பெயர். பால் விற்ற காசு, முட்டை விற்ற காசு, களை எடுத்த கூலியில் மிஞ்சிய காசு! திருடிய காசு அன்று, வியர்வை சிந்திய காசு. ஆனாலும் ஒளித்து வைக்கவேண்டியிருந்தது. ஏன்? கண்ணில் பட்டால் கை நீளும். கை நீண்டால் காசு போகும். போன காசு எங்கே போயிற்று என்று கேட்க அவருக்கு வாயில்லை. ஆண்மகனின் செலவுக்குக் கணக்கில்லை, பெண்ணின் சேமிப்புக்கு வெளிச்சமில்லை என்ற ஏற்பாட்டுக்குக் குடும்பம் என்று பெயரிட்டு, அதைத் தெய்வீகம் என்றும் சொல்லிவைத்தார்கள். "நம் தாய்மார்களின் சிக்கனமே சிக்கனம்!" என்று சிறுவாட்டுக்குப் பரணி பாடுவோர் இன்றும் உளர். நமக்கு அந்தப் பாட்டில் சுவை இல்லை. ஒரு வீட்டில் சேமிப்பு ஒளிந்து வாழ்ந்தால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் அஞ்சி வாழ்கிறார் என்றுதான் நாம் அதைப் படிக்கிறோம்.

ஆகவே நம் இல்லத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். திங்களின் முதல் ஞாயிறு மாலை, துணைவியார், பிள்ளைகள், நாம், எல்லோரும் பாயில் அமர்வோம். நடுவே ஒரு குறிப்பேடு. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. மகள் உரக்கப் படிப்பாள். எவரும் எதையும் கேட்கலாம். அந்த ஏட்டில் ஒருமுறை "வெளியே குடித்த தேநீர்" என்றொரு வரி வந்தது. வேலைக்குச் செல்லும் ஆண் ஒருவர் நாளொன்றுக்கு மூன்று தேநீர், ஒன்று பன்னிரண்டு ரூபாய் வீதம் குடித்தால், திங்களுக்கு 1,080 ரூபாய். 2023 செப்டம்பரில் அரசு தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை திங்களுக்கு ஆயிரம் ரூபாய்! அந்தத் தொகையால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று எத்தனை ஆண்கள் எத்தனை தேநீர் குடித்தபடி பேசினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். மகள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்தாள். ஒரு தேநீர் குறைக்கப்பட்டது. தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

கணக்கு எழுதத் தொடங்குவோர் முதலில் காணும் விந்தை ஒன்றுண்டு. "எதிர்பாராத செலவு" என்ற தலைப்பின்கீழ் வருவனவற்றுள் பெரும்பாலானவை எதிர்பார்க்கக்கூடியவையே. பள்ளிக்கூடம் சூன் திங்களில் திறக்கிறது, ஆண்டுதோறும் திறக்கிறது, ஆண்டுதோறும் நாம் திடுக்கிடுகிறோம். தீபாவளியை நம்பாதவன் வீட்டிலும் பிள்ளைகள் துணி கேட்கும் நாள் நாட்காட்டியில் அச்சாகி வருகிறது. மாமன் மகளின் திருமண அழைப்பிதழ் கண்டு கலங்குகிறோமே, அந்தப் பெண் இருபத்தைந்து ஆண்டுகளாக வளர்ந்தது நமக்குத் தெரியாதா? உண்மையிலேயே எதிர்பாராதவை நோயும், விபத்தும், வேலை இழப்பும். மற்றவற்றைப் பன்னிரண்டால் வகுத்து, திங்கள்தோறும் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டால் அவை செலவுகள். வைக்காவிட்டால் அவை கடன்கள்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். "ஐயா, கையில் காசு இருப்பவனுக்கு வரவு செலவுத் திட்டம். அன்றாடங்காய்ச்சிக்கு எதைத் திட்டமிடுவது? ஏழையிடம் சிக்கனம் பேசுவது, பட்டினி கிடப்பவனுக்கு உண்ணாநோன்பின் பெருமையைச் சொல்வது போலாகாதா?" நேர்மையான கேள்வி. மாளிகையில் இருந்துகொண்டு மண்குடிசைக்குச் சிக்கனம் போதிப்போரை நாமும் வெறுக்கிறோம். ஆனால் நம் பகுதியின் வறுமையைச் சற்று நெருங்கிப் பார்த்தவர்க்கு ஒன்று விளங்கும். வரவு சிறிது என்பது பாதித் துன்பம். வரவு ஒரே நாளில் வந்து, செலவு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வருவது மீதித் துன்பம்.

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் கண்ட வட்டாரம் இது. கரும்பு நட்டால் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும். மரவள்ளி நட்டால் பத்துத் திங்கள். ஆலைக்குக் கரும்பு சேர்ந்த பதினான்கு நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நிலுவை கேட்டுத் தமிழகத்து உழவர்கள் கொடி பிடித்த ஆண்டுகள் எத்தனையோ! ஆக, உழவன் வீட்டில் அடுப்பு நாள்தோறும் எரிகிறது, பணம் ஆண்டுக்கொருமுறை எட்டிப் பார்க்கிறது. இடையிலுள்ள பள்ளத்தில்தான் வட்டிக்காரன் குடிசை போட்டிருக்கிறான்.

அவன் கணக்கையும் பார்த்துவிடுவோம். தண்டல் என்று ஒன்று நம் ஊர்ச் சந்தையில் நடமாடுகிறது. எடுத்துக்காட்டாக, பத்தாயிரம் ரூபாய்க் கடன். கையில் தருவது 8,500. நாளொன்றுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரத்து ஐந்நூறுதானே" என்கிறாள் பூ விற்கும் அம்மையார். ஆனால் அந்த 8,500 அவரிடம் நூறு நாளும் தங்குவதில்லையே! முதல் நாளிலிருந்தே நூறு நூறாகக் கரைகிறது. முறையாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு வட்டி ஏறக்குறைய 120 விழுக்காடு. நூற்றுக்குத் திங்களுக்குப் பத்து வாங்கும் கொடியவனும், நாள்தோறும் சிரித்த முகத்துடன் வந்து நூறு ரூபாய் வாங்கிச் செல்லும் இந்த நல்லவனும் ஒரே விலைக்குத்தான் பணம் விற்கிறார்கள்! கந்து வட்டியையும் மீட்டர் வட்டியையும் தண்டலையும் தடுக்கத் தமிழகம் 2003இல் சட்டம் செய்தது. சட்டம் காவல் நிலையத்தில் இருக்கிறது. தேவை சந்தையில் இருக்கிறது.

இந்தப் பள்ளம் எவ்வளவு பழமையானது என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், மாணவர்களை ஏவித் தமிழகச் சிற்றூர்களை ஆராயச் செய்து 1918இல் நூல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று அந்நாளைய தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. நம் ஊருக்குக் கிழக்கே இருப்பது. அங்கே பண்ணையாளாகக் கிடந்தோர் பலர் அந்நிலைக்கு வந்த வழி என்ன? போரில் தோற்றார்களா? இல்லை. மகனுக்குத் திருமணம் செய்ய நிலக்கிழாரிடம் கடன் வாங்கினார்கள். அக்கடன் தீர்வதே இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. நிலம் கைமாறினால் ஆளும் கைமாறினான். மூன்று நாள் கொட்டுமேளம், மூன்று தலைமுறை அடிமை!

அண்ணா முதலமைச்சராயிருந்தபோது 1967இல் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும் என்றது. புரோகிதரை மேடையிலிருந்து இறக்கிவிட்டோம். மகிழ்ச்சி. ஆனால் அவருக்குக் கொடுத்த தட்சணையைப் போல நூறு மடங்கைப் பந்தலுக்கும், பந்திக்கும், பறக்கும் படக்கருவிக்கும், பத்தடி உயரப் பதாகைக்கும் கொடுக்கிறோமே, இதற்கு எந்த மனுவைக் குறை சொல்வது?

மலைக்குப் போவோம். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் கிடந்த நிலம். மலைவாழ் மக்கள் அவர்களுக்குக் கூலியின்றி உழைத்தார்கள். ஜாகிர்களை ஒழித்து அரசு மலையைத் தன் பொறுப்பில் எடுத்தது 1976இல். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டில். நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து! ஆனால் ஜாகிர்தாரின் இடத்தில் இன்னொருவர் வந்து அமர்ந்தார். அவர் பெயர் முன்பணம். சாமையும் தினையும் வீட்டுக்கு, மரவள்ளி வணிகருக்கு, விதைக்கும்போதே வணிகர் காசு கொடுத்துவிடுவார், தோண்டும்போது விலையை அவரே சொல்வார். மிளகு பறிக்கவும், காப்பித் தோட்டத்து வேலைக்கும், சமவெளியில் கரும்பு வெட்டவும் ஆள் பிடிக்கும் தரகரும் கையில் முன்பணத்தோடுதான் மலையேறுகிறார்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் நம் மாவட்டத்தின் வீட்டுக் கணக்கை எழுத முடியாது. இம்மலையின் மேற்குப் பகுதி சேலம் மாவட்டம். அங்கேதான் 1937 அக்டோபரில் சென்னை மாகாணத்தின் முதல் மதுவிலக்கு வந்தது. பொருளியல் அறிஞர் பி. ஜே. தாமஸ் அங்குள்ள உழைப்பாளர் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்தார்; கள்ளுக்குப் போன காசு உணவுக்கும் உடைக்கும் திரும்பியதைக் கண்டார். அரசுக்கோ வருவாய் போயிற்று. 1939இல் விற்பனை வரி பிறந்தது. குடியை விட்டால் வீட்டின் பற்றாக்குறை தீர்கிறது, அரசின் பற்றாக்குறை தொடங்குகிறது என்ற இந்த முரண் அன்றே எழுதப்பட்டுவிட்டது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்து, 1974இல் மீண்டும் இறுகி, பின்னர் மீண்டும் தளர்ந்து, 2003இல் அரசு நிறுவனமே சில்லறைக் கடைக்காரராக அமர்ந்த கதை நீங்கள் அறிந்தது. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கடைச் சரக்கு வாங்க வழியில்லாதவன் மலிவுச் சரக்கைத் தேடினான். அவனும் ஒரு வகையில் சிக்கனம் பார்த்தவனே! இதை எழுதும்போது நம் கை நடுங்குகிறது. குடிப்பவனை வைது பயனில்லை. ஆனால் அவன் வீட்டில் நாள்தோறும் எழுதப்படும் ஒரு கணக்கேடு இருந்து, அதில் அந்த வரியை அவன் மகளே படிக்க நேர்ந்தால், ஒரு நாளேனும் அவன் கால் தயங்காதா என்று எண்ணுகிறோம்.

வள்ளுவர் வரவையும் செலவையும் பேசிய இடம் இல்லறவியல் அன்று. அரசனுக்குரிய பகுதியில், வலியறிதலில். தன் படை, பகைவன் படை என்று எடைபோடும் இடத்தில் கொண்டுபோய் வருவாயின் அகலத்தையும் செலவின் அகலத்தையும் வைத்தார். பொருத்தமான இடம். எதிரே நிற்பவன் கையில் முன்பணத்தோடு நிற்கிறான் அல்லவா?

1989இல் தருமபுரியில் தொடங்கி, தமிழகமெங்கும் பரவிய மகளிர் தன்னுதவிக் குழுக்களைப் பற்றி நம் அறிவாளிகள் சிலர் அலட்சியமாகப் பேசுவர். அங்கும் குறைகள் உண்டு. சேமிக்கக் கற்பித்த குழு பின்னர் கடன் வாங்க மட்டுமே கூடுகிறது என்பதும் உண்மை. ஆயினும் ஒன்றை மறவாதீர். அரிசிப் பானையில் ஒளிந்திருந்த சிறுவாடு அங்கேதான் முதன்முதலாக வெளிச்சத்துக்கு வந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டு, வங்கிக் கணக்கில் பெண்ணின் பெயரில் ஏறியது.

சென்ற ஆண்டு வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அப்படிப்பட்ட குழுவின் அம்மையார் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கணக்கு மட்டும் தெளிவாக வந்தது. "முன்பணம் இருபதாயிரங்க. அதை வாங்கினா ஆளுக்கு நாளைக்கு ஐம்பது ரூபா கூலி கம்மி. ரெண்டு பேரு, நூறு நாளு. பத்தாயிரம் போவுதுங்க." இரண்டு ஆண்டுகளாகக் கடுக்காய் பொறுக்கிய காசையும் ஆடு விற்ற காசையும் குழுவில் போட்டு வந்தாராம். பள்ளி திறக்கும் திங்களுக்கு அது போதுமாம். வேலைக்குப் போவதாகவே இருந்தார். முன்பணம் இல்லாமல், முழுக் கூலிக்கு.

தரகர் அன்று வந்திருந்தார். அம்மையார் திண்ணையில் இருந்தபடியே, "இந்த வருசம் வேண்டாங்கண்ணா" என்றார். அவர் நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். பிறகு வண்டியை உதைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். அங்கே அவருக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.