சாட்சியில் சொல்லாமல் விட்டது



ஞாயிறு ஆராதனையில் துதிப்பாடல்கள் ஓய்ந்ததும், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழும்பலாம்" என்று போதகர் அழைக்கும் நேரத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த அழைப்புக்குத் தயக்கமின்றி எழும்பினவன் நான். என் சாட்சி எங்கள் சபையில் எல்லாருக்கும் மனப்பாடம். புதிய ஆத்துமாக்கள் வந்திருக்கும் நாளில் போதகரின் கண்கள் முதலாவது என்னையே தேடும். அந்தச் சாட்சியில் நான் சொல்லாமல் விட்ட ஒரு பகுதியை இன்று உங்களுக்கு எழுதுகிறேன்.

1991-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து பம்பாய்க்கு வந்தேன். தாராவியில் ஒரே மாடியறையில் எட்டுப் பேர் தங்கினோம். பட்டறையில் வெல்டிங் வேலை. ஊரில் நான் இன்னாருடைய மகன், இன்ன தெருக்காரன் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே நான் யாருமில்லை. யாருமில்லாதவனுக்குக் குடிப்பது எளிது. தடுப்பவரும் இல்லை, பார்த்து வெட்கப்பட வேண்டியவரும் இல்லை. மனைவி வந்து சேர்ந்த பின்பும் சனிக்கிழமைக் கூலியில் பாதிதான் வீடு வந்து சேரும். 1998-ல் ஓர் உபவாச ஜெபத்தில் கர்த்தர் என்னைச் சந்தித்தார். அன்றே குடியை விட்டேன். சில வாரங்களில் ஞானஸ்நானம் பெற்றேன். இதில் ஒரு வார்த்தையும் பொய்யல்ல. இன்றும் என் ஜீவியம் அந்த நாளின்மேல்தான் நிற்கிறது.

அந்த நாள் எனக்கு விடுதலையோடு ஒரு முகவரியையும் தந்தது. "குடியிலிருந்து விடுதலையான பிரதர்" என்று என்னை அறிமுகம் செய்தார்கள். ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்குச் சபை கொடுக்கும் பெரிய ஈவு இதுதான். இன்னார் மகன் என்ற இடத்தில் இரட்சிக்கப்பட்டவன் என்ற பெயர் வந்து அமர்கிறது. அந்தப் பெயரைச் சபைக்கு முன் உறுதிப்படுத்துவது நம் சாட்சியே. ஆகையால் சாட்சிக்கு ஓர் ஊனம் வந்தால், நம் பெயரே போய்விடும் என்று பயப்படுகிறோம்.

எனக்கு அந்த ஊனம் 2004-ல் வந்தது. தகப்பனார் மரித்த செய்தி கேட்டுப் புறப்பட்டேன். ரயில் ஊர் போய்ச் சேருமுன்னே அடக்கம் முடிந்துவிட்டது. அன்றிரவு பழைய கூட்டாளிகள் நடுவில் உட்கார்ந்து குடித்தேன். மும்பைக்குத் திரும்பிய பின், மாதத்தில் ஒருநாள் இரண்டு நாள் என்று அது தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமையோ, 1998-ல் விட்ட குடியைப் பற்றி வழக்கம்போல் சாட்சி சொன்னேன். சபை அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. பெண்கள் பக்கத்துப் பாயில் என் மனைவி மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலைகுனிந்திருந்தாள்.

மனிதன் இப்படி இரண்டாகப் பிளந்து வாழ்வது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். பின்னாளில் மாலைநேர வேதாகம வகுப்பில் ஆலோசனை ஊழியம் என்ற பாடத்தைப் படித்தபோது அதற்கு விடை கிடைத்தது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1957-ல் ஒரு நூல் எழுதினார். ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு காரியங்களை மனம் நெடுநாள் சுமக்க மாட்டாது. செய்கையை மாற்ற முடியாதபோது, அந்தச் செய்கைக்கு நாம் கொடுக்கும் பொருளை மாற்றிக்கொள்வோம் என்பது அதன் சாரம். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். "இது குடி அல்ல, உடம்பு வலிக்கு மருந்து" என்றேன். "நான் விழுந்தேன் என்று சொன்னால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும், அவருடைய மகிமைக்காகவே மறைக்கிறேன்" என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது சாக்கு முதலாவதைவிடக் கொடியது. அது பக்தியின் வஸ்திரம் தரித்திருந்தது.

அந்தப் பாடத்தில் என்னை அதிகமாய் உடைத்தது வில்லியம் ஜேம்ஸ் என்பவருடைய நூல். எடின்பரோவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902-ல் 'தி வெரைட்டீஸ் ஆஃப் ரிலிஜியஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று வெளிவந்தன. மனந்திரும்புதலை அவர் பரிகாசம் செய்யவில்லை. நியூயார்க் நகரத்துக் குடிகாரராயிருந்து மனந்திரும்பி, மற்றக் குடிகாரர்களை மீட்கும் ஊழியரான ஹாட்லி என்பவருடைய சாட்சியை மரியாதையோடு எடுத்து எழுதியிருக்கிறார். பிளவுண்ட மனம் ஒன்றாகி இளைப்பாறுவதே மனந்திரும்புதல் என்கிறார். அதே நூலில் ஸ்டார்பக் என்ற ஆய்வாளர் தந்த ஒரு கணக்கும் உண்டு. மனந்திரும்பின 100 சுவிசேஷ சபையாரை விசாரித்ததில், பெண்களில் 93 சதவீதமும் ஆண்களில் 77 சதவீதமும், பிற்பாடு ஏதோ ஒருவகையில் பின்வாங்கினதாய்த் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் விசுவாசத்தையே விட்டுப்போனவர்கள் 6 சதவீதம் மாத்திரம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு நேர்ந்தது அனல் குறைவதும் கூடுவதுமே.

அன்பானவரே, இதை வாசித்த இரவு நான் அழுதேன். எங்கள் கூடத்தில் நூறு பேர் கூடுகிறோம். பின்வாங்கினவன் நான் ஒருவன் மட்டுமே என்று இத்தனை காலம் நினைத்திருந்தேனே! என்னைப் போல் மௌனமாயிருந்தவர்கள் எத்தனை பேரோ! எங்கள் சாட்சிகளுக்கு ஒரே ஒரு காலம்தான் இருந்தது: இறந்தகாலம். "குடித்தேன், விட்டேன், வியாதியாயிருந்தேன், சுகமானேன்." இன்று நடப்பதைச் சொல்ல எங்களுக்கு வாக்கியமே இல்லாமற்போயிற்று.

1935-ல் அமெரிக்காவின் அக்ரான் நகரத்தில் பில் வில்சன் என்பவரும் ஒரு மருத்துவரும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற ஐக்கியத்தைத் தொடங்கினார்கள். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் பழகினவர்கள். வில்சன் ஜேம்ஸின் நூலை வாசித்துப் பலன் பெற்றவர். அவர்களும் சாட்சி சொல்லுகிறார்கள். ஆனால் நிகழ்காலத்தில் சொல்லுகிறார்கள். இருபது வருஷமாய்க் குடியைத் தொடாதவரும், "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, "இன்று குடிக்கவில்லை" என்பார். நம்முடைய சாட்சிப் பழக்கத்தின் ஒரு கிளையே அது. நாம் மறந்ததை அவர்கள் நினைவில் வைத்தார்கள்.

உண்மையில் அது நம் வேதத்திலேயே இருக்கிறது. மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனைப் பாருங்கள். ஆண்டவர் அவன்மேல் கைவைத்து, ஏதாகிலும் தெரிகிறதா என்று விசாரித்தார். எல்லாம் தெளிவாய்த் தெரிகிறதென்று சொல்லிவிட அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்! அவனோ, மனுஷர் மரங்களைப்போல் தோன்றுகிறார்கள் என்ற பாதி வெளிச்சத்தை உள்ளபடியே சொன்னான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, மறுபடியும் கைவைத்தார். இரண்டாம் தொடுதல், உண்மை சொன்னவனுக்கு வந்த தொடுதல். பேதுரு மறுதலித்ததையும் நான்கு சுவிசேஷங்களும் மறைக்காமல் எழுதியிருக்கின்றன அல்லவா?

ஆனாலும் அறிவு வந்தவுடனே தைரியம் வந்துவிடவில்லை. ஒருநாள் ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது என் மனைவி, "நீங்கள் சாட்சி சொல்லும்போது எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை" என்றாள். அவள் குற்றம் சாட்டவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். அந்த வாரமே போதகரிடம் அறிக்கையிட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நானும் உங்களை அந்த ஒரே சாட்சிக்குள் அடைத்து வைத்துவிட்டேன், பிரதர்" என்றார். குடிமறுவாழ்வு மருத்துவரிடம் போகும்படி சொன்னவரும் அவரே. ஜெபத்தோடு மருந்தும் எடுத்தேன்.

அடுத்த வீட்டு ஜெபக்கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஒரு மூத்த சகோதரர் அன்றுமுதல் சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. அந்த வேதனையையும் மறைக்க மாட்டேன். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, கல்யாணமாகி ஆறு மாதமான ஒரு வாலிபன் பின்னாலேயே வந்து, "அண்ணே, எனக்கும் அதே போராட்டம்" என்றான். அவன் என் பழைய சாட்சியைப் பலமுறை கேட்டவன். என் வெற்றி அவன் வாயை அடைத்திருந்தது. என் விழுகை அதைத் திறந்தது.

ஆகையால் வாசகரே, சாட்சி சொல்வதை நிறுத்தாதேயுங்கள். கர்த்தர் செய்ததைச் சொல்லுங்கள். இன்னும் செய்ய வேண்டியதையும் சொல்லுங்கள். உங்கள் சபையில் விடுதலைச் சாட்சி சொன்ன ஒருவர் இருந்தால், அவர் கையைப் பிடித்து, "இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள்?" என்று தனியே கேளுங்கள். அந்தக் கேள்விக்காக அவர் எத்தனை காலம் காத்திருக்கிறாரோ!

போன ஞாயிறும் எழும்பினேன். "1998-ல் கர்த்தர் என்னைத் தொட்டார். மறுபடியும் விழுந்தேன், மறுபடியும் தொட்டார். இன்று குடிக்கவில்லை. நாளைக்காக ஜெபியுங்கள்" என்றேன். பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மனைவி நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.