நவாப் போன பிறகு

கார்டன் ரீச் என்றால் கொல்கத்தாவில் கப்பல் கட்டும் தளத்தையும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகத்தையும் சொல்வார்கள். இரண்டும் மாதம் பிறந்தால் சம்பளம் வரும் இடங்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே, சம்பளம் என்ற சொல்லுக்கு அதிகம் வேலையில்லாத மேட்டியாபுருஜ் இருக்கிறது. அதன் சந்துகளில் முதலில் காதில் விழுவது தையல் மிஷின் சத்தம். திண்ணை, மாடி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலான இடைவெளி என்று மிஷின் நுழையாத இடமில்லை. வாரம் முழுக்கத் தைத்த குழந்தைகளின் கவுனும் சட்டையும் வாரக் கடைசிச் சந்தையில் மொத்த விலைக்குப் போகின்றன. வெளிமாநில வியாபாரிகள் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள்.

இந்தத் தொழில் எப்படி வந்தது என்று கேட்டால் பேட்டைக்காரர்கள் நவாபிலிருந்து கதையைத் தொடங்குவார்கள். 1856-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத் ராஜ்யத்தை எடுத்துக்கொள்ள, முடியிழந்த வாஜித் அலி ஷா இந்த ஆற்றங்கரையில் வந்து தங்கினார். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் பென்ஷன். அதை வைத்து இங்கே ஒரு குட்டி லக்னோவை நடத்தினார். சமையற்காரர், பாடகர், காற்றாடி செய்கிறவர், தையற்காரர் எல்லோருக்கும் அதில் இடமிருந்தது. 1887-ல் நவாப் இறந்தார். பென்ஷன் நின்றது, சொத்துகள் கைமாறின. ஓர் அங்கிக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று அதுவரை எண்ணிப் பார்க்க வேண்டியிராதவர்கள், மறுநாளே எண்ண வேண்டியவர்களானார்கள்.

சென்னை அடுக்குமாடி வீட்டில் டெரகோட்டா ஜிமிக்கி செய்கிற பெண்ணுக்கும் ஒரு நவாப் உண்டு. பெரும்பாலும் அவர் கணவர். சில வீடுகளில் அது அவளேதான்: காலையில் ஆபீஸ் போகிற அவள், ராத்திரியில் மண் பிசைகிற அவளுக்குப் படியளக்கிறாள். வாடகையும் பால்காரரின் கணக்கும் சம்பளத்தில் கழிந்துவிடுவதால், ஜிமிக்கி விற்ற பணம் முழுவதும் லாபமாகவே தெரியும். வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கிவிடலாம் என்ற ஆசை அங்கேதான் முளைக்கிறது.

கணக்குக்காக ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். மண், பெயின்ட், கொக்கி எல்லாம் 30 ரூபாய் என்றும், விலை 150 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 120. உருட்டி, நிழலில் உலர்த்தி, தேய்த்து, சுட்டு, வண்ணம் பூசக் கைவேலை மட்டும் ஒன்றரை மணி நேரம். இதே டிசைன் நீலத்தில் வருமா, அம்மாவுக்குக் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்னும் வாட்ஸ்ஆப் பேச்சுக்கும் பார்சல் கட்டவும் அரை மணி. தினம் எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் உட்கார்ந்தால் நூறு ஜோடி. சூட்டில் பத்து விரிசல் விட்டால் தொண்ணூறு விற்கும். வரவு 13,500, செலவு 3,000. மிச்சம் 10,500 ரூபாய். தோழிகள் "அப்படியே கடையில வாங்கினது மாதிரி இருக்குடி" என்பது இந்தக் கணக்கில் சேராது.

மேட்டியாபுருஜ் இதற்குக் கண்ட வழியின் பெயர் ஓஸ்தாகர். பீஸுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைப்பவர் காரிகர். துணியைத் தன் பணத்தில் வாங்கி, வெட்டி, நாலு வீடுகளுக்குத் தைக்கக் கொடுத்து, சந்தையில் விலை சொல்கிறவர் ஓஸ்தாகர். அந்தச் சொல்லுக்குள் உஸ்தாத் இருக்கிறார், ஆனால் அவர் கை இப்போது மிஷினில் இருப்பதைவிட நோட்டுப் புத்தகத்தில்தான் அதிகம். தைப்பதும் அரசவை அங்கி இல்லை, குழந்தைகளின் கவுன். அழகானது எதுவோ அது நிலைக்கவில்லை, வாரா வாரம் விற்பது எதுவோ அது நிலைத்தது. வருத்தமான விஷயம்தான். ஆனால் அந்தச் சந்துகளில் உலை கொதிப்பது அதனால்தான்.

நகையிலும் இதே கதை. முழுநேரமாகத் தாக்குப்பிடிப்பவர்களில் பலர் ஒற்றை ஜோடிகளை நம்புவதில்லை. கல்யாண செட், வகுப்பு, மற்றவர்களுக்கு அச்சும் மண்ணும் விற்பது என்று நகர்ந்துவிடுகிறார்கள். கைவினைப் பொருளுக்கென்றே 2005-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய எட்ஸி என்ற இணையச் சந்தையும், 2013-ல் வெளியார் தயாரித்துத் தருவதற்கு வாசலைத் திறந்தது. 2022-ல் அது தன் கமிஷனை 5 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் கடையைச் சாத்தி வேலைநிறுத்தம் செய்தார்கள். கமிஷன் குறையவில்லை. நவாப் மாறினாலும் நவாப் நவாப்தான். நம் அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023-ல் வந்தது. 18 தொழில்களுக்குக் குறைந்த வட்டிக் கடன் தருகிறது. குயவர் உண்டு, பொற்கொல்லர் உண்டு. மண்ணில் நகை செய்கிறவள் எந்த வரிசையில் நிற்பாள் என்பது அவள் பாடு.

கொல்கத்தாவுக்கும் தமிழ் நகைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. தூத்துக்குடிக் கடலில் எடுத்த சங்கு அங்கே போய், அறுபட்டு, வங்காளச் சுமங்கலிகளின் கையில் வெள்ளை வளையலாக ஏறியது. 1914-ல் ஆங்கிலேய ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் இதைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். அந்த அறுக்கும் வேலை நம் பக்கத்திலும் இருந்தது. அகநானூற்றின் 24-ஆம் பாட்டில் சங்கை அறுத்து வளையல் செய்கிற ஒருவர் வருகிறார். பிறப்பால் பார்ப்பனர், ஆனால் வேள்வி செய்யாதவர். எப்போது, ஏன் அதை விட்டார், வளையல் அவருக்குச் சோறு போட்டதா என்று பாட்டு சொல்லவில்லை. வளையல் செய்கிறவர் என்று சொல்லி நிறுத்தாமல், விட்ட வேலையையும் சேர்த்தே சொல்கிறது. மூன்று வருஷமாக ஜிமிக்கி செய்து குடும்பம் நடத்துகிறவளைக் கல்யாண வீட்டில் இன்றும் அப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள்: "இவங்க முன்னாடி பாங்க்ல இருந்தாங்க."