க-வா, கே-யா?

இரத்தினபுரிப் பக்கம் சித்திரையில் பின்னேரமானால் இடி இல்லாமல் மழை வராது. அப்படியொரு பின்னேரம் எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் பழைய கொம்பியூட்டர் கருகிப்போனது. பக்கத்திலிருந்த எப்சன் எல்எக்ஸ்-300 பிரிண்டருக்கு ஒரு கீறலும் இல்லை. "அது எரும மாடு மாதிரி தம்பி, ஒண்ணும் ஆவாது" என்றார் மாமா. அவர்தான் சங்கத்துச் செயலாளர்.

புதுசாக ஒரு பிரிண்டர் வாங்கிவிடலாமே என்றேன். "கார்பன் கொப்பி எப்படி அடிப்ப?" என்று கேட்டார். ஒவ்வொரு சந்தாவுக்கும் மூன்று ரசீது: கட்டியவருக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று. டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரின் ஊசி ரிப்பனைக் குத்துவதால் அடித்தாளிலும் எழுத்து விழும். மை தெளிக்கும் பிரிண்டரால் அது முடியாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றிரவே காசு கொடுக்கவேண்டும். அப்போது பேசுவது அந்தத் தாள்தான்.

என் லெப்டொப்பில் பெரலல் போர்ட் கிடையாது. 25 ஊசி கொண்ட அந்த அகலமான வாயை இப்போது யாரும் வைப்பதில்லை. எட்டுக் கம்பியில் எட்டு பிட்டை ஒரே நேரத்தில் அனுப்பும் அந்த முறை 1970-களில் சென்ட்ரோனிக்ஸ் பிரிண்டரோடு வந்தது; பிரிண்டர் பக்கத்து 36 முனை பிளக்கை இன்னும் அந்தப் பெயரில்தான் கேட்டு வாங்கவேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் யூஎஸ்பி வயர் ஒன்று வாங்கினேன். "செருகினா சரி, வேல செய்யும்" என்றார் கடைக்காரர்.

செருகினேன். கட்டளைத் திரையில் எல்பிடி1-க்கு ஒரு வரி அனுப்பினேன். பிழைச் செய்தி வந்தது. பிரிண்டர் அசையவே இல்லை.

இரண்டு இரவு போனபிறகுதான் விளங்கியது. அந்த வயர் லெப்டொப்புக்கு ஒரு பெரலல் போர்ட்டைத் தருவதில்லை. 'நான் ஒரு யூஎஸ்பி பிரிண்டர்' என்று விண்டோஸிடம் சொல்கிறது, அவ்வளவுதான். ஸ்கேனர் போன்ற வேறு பெரலல் சாமான் எதுவும் அதில் ஓடாது. பிரிண்டருக்கு மட்டும் ஒரு வழி உண்டு: டிரைவரை யூஎஸ்பி001-இல் போட்டு, பிரிண்டரை ஷெயார் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1 என்ற பெயரை அதோடு கட்டிவிடலாம். கட்டினேன். கர்ர்ர் என்று ஒரு வரி விழுந்தது. மாமி குசினியிலிருந்து ஓடிவந்தார்.

சந்தோஷம் அரை மணித்தியாலம் நின்றது. சங்கத்து ரசீது புரோகிராம் டொஸ் காலத்தது. 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மாட்டேன் என்றது. நல்லவேளை, மாமா மாதாமாதம் பென் டிரைவில் கொப்பி எடுத்து வைத்திருந்தார். அந்த டிபிஎஃப் ஃபைல்களை எக்செல் திறந்தது. அங்கிருந்தே ரசீது அடித்தால் என்ன என்று தோன்றியது.

பழைய புரோகிராம் எழுத்தை மட்டும் அனுப்பும்; உருவத்தைப் பிரிண்டர் தன் நினைவிலிருந்து போடும். அதில் தமிழ் இல்லை. அதனால்தான் இத்தனை வருஷமும் எல்லார் பேரும் இங்கிலிஷில் விழுந்தது. இப்போது டிரைவர் முழுத்தாளையும் படமாக, புள்ளி புள்ளியாக அனுப்புகிறது. படத்தில் எந்த மொழியும் வரும். மெதுவாகத்தான் வரும், சத்தமும் கூட. ஆனால் வரும். இடி விழாமலிருந்தால் நாங்கள் இதை யோசித்திருக்கவே மாட்டோம்.

முதல் தமிழ் ரசீது அம்மாயிக்கு. மாதாமாதம் "இதுல எம்பேரு எது?" என்று என்னிடம் கேட்கிறவர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவர். விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"கே இல்ல தம்பி, க. எங்கப்பா பேரு கானாவுலதான தொடங்கும்?"

இங்கிலிஷ் முதலெழுத்தை நான் அப்படியே தமிழில் தட்டியிருந்தேன். க, கா, கி, கோ எல்லாமே அந்த லிஸ்டில் ஒரே 'கே'தான். இப்படியே அடையாள அட்டையில் ஒன்று, ஈபிஎஃப் அட்டையில் ஒன்று என்று பேர் மாறிப்போய், காசு எடுக்க அலைகிறவர்கள் எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். நானும் என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கப் பார்த்தேன்.

மாமா லிஸ்டை என்னிடம் தந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பென்சிலோடு முதல் லயத்திலிருந்து தொடங்குகிறேன்.