டோட்டல் லாஸ்

போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகிற நேரத்தில், நான் பூப்பாறையிலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. சட்டமும் அதுதான், வழக்கமும் அதுதான். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஜீப் முளைத்தது. ஒதுங்கினேன். கொஞ்சம் கூடுதலாகவே ஒதுங்கிவிட்டேன். பாறையில் போய் முட்டி நின்றது வண்டி. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

ஒன்பது வயசு பொலிரோ. பட்டறைக்காரர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "சேஸிஸே வளைஞ்சிருச்சுண்ணே. இனி இது தேறாது."

பழுதுபார்க்கும் செலவு, இன்சூரன்ஸ் பாலிசியில் எழுதிய மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. அந்த மதிப்புக்கு ஐ.டி.வி. என்று பெயர். புது வண்டிக்கு முதல் ஆறு மாதம் 5 சதவீதக் கழிவு, ஐந்தாம் வருஷம் 50 என்று அட்டவணையே உண்டு. அதற்குமேல் வயசானால் கம்பெனியும் நாமும் பேசி வைத்துக்கொள்வதுதான். அங்கேதான் என் சாமர்த்தியத்தைக் காட்டியிருந்தேன். வருஷா வருஷம் "குறைச்சே போடுங்க தம்பி" என்று ஏஜெண்டிடம் சொல்லி, பிரீமியத்தில் ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடித்தேன். சந்தையில் மூன்றரை லட்சத்துக்குப் போகிற வண்டி, என் கையெழுத்துப்படி இரண்டு லட்சம்தான். எஸ்டிமேட்டோ 1,90,000. யாரைத் திட்டுவது? ஐந்து வருஷம் கிளெயிமே இல்லாமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடியும் அத்தோடு பூஜ்யமானது.

கிடைத்த பணத்துக்குப் பழைய வண்டி தேடி ஒரு மாதம் அலைந்தேன். கேரளப் பதிவு எண் என்றால் சீட்டுக்கு அடியில் விரலை விட்டுச் சேறு ஒட்டுகிறதா என்று பார்ப்பேன். 2018 வெள்ளம் கற்றுக்கொடுத்த புத்தி. கடைசியில் கடன் போட்டு, இன்னொரு பொலிரோவே வாங்கினேன். வளைவுகளில் அது இன்னும் என் பேச்சைக் கேட்பதில்லை. இரண்டாம் கியரில் முனகுகிறது.

நொறுங்கிய வண்டியை எடுக்க வந்த பழைய இரும்புக்காரர், இன்ஜினைப் பார்க்குமுன் பின்சீட்டு ரப்பர் விரிப்பைத் தூக்கினார். ஒன்பது வருஷமாக மூட்டைகளிலிருந்து சிந்திய ஏலக்காய்கள் அங்கங்கே கிடந்தன. ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டினார்.

"எட்டு எம்எம் இருக்கும்போல. எந்தத் தோட்டத்துக் காய்ண்ணே?"