வெறி என்று நினைத்தேன்

மாமாவின் பாணி மருந்தை நிறுத்தியவன் நான். மாமிக்குக்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

கசிப்பும் சாராயமும் அவருடைய ஈரலைச் சுருக்கிவிட்டிருந்தன. வருத்தம் தெரிந்த அன்றே குடியை விட்டார். நான் நம்பவில்லை.

கிளினிக்கில் லக்டுலோஸ் பாணி கொடுத்திருந்தார்கள். குடித்தால் வயிற்றால் போகும். எங்கள் விசுவமடு வளவில் கக்கூஸ் பின்பக்கம். இரவில் அவரைத் தாங்கிப் போய்வருவது என் வேலை. "வயிற்றோட்டம் நிக்கட்டும், பிறகு குடுப்பம்" என்று மாமியிடம் சொல்லிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்தேன். அது சாட்டு. எனக்கு நித்திரை வேண்டியிருந்தது.

அதன் பிறகு மாமா பகலில் தூங்கினார், இரவில் முழித்திருந்தார். சேட்டுப் பொத்தானைப் போட முடியாமல் விரல்கள் தடுமாறின. "மாடு கட்டியாச்சோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். 2009இல் இடம்பெயர்ந்ததோடு எங்கள் மாடுகள் போய்விட்டன. வாயில் ஒருவித இனிப்பு நாற்றம். "திரும்பவும் குடிச்சிட்டியளோ?" என்று மாமிக்கு முன்னால் கத்தினேன். "இல்லைத் தம்பி" என்றார். அன்றிரவு நித்திரைக் குளிசையும் கொடுத்தேன். அதுதான் நான் செய்த பெரிய கொடுமை.

விடிய அரை மயக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். மணிக்கட்டு நிலைக்காமல் விழுந்து விழுந்து எழும்பியது. அது வெறியல்ல, ஈரலால் வந்த மாறாட்டம். குடலில் உண்டாகும் அமோனியாவை நல்ல ஈரல் யூரியாவாக்கிச் சிறுநீரோடு அனுப்பிவிடும். சுருங்கிய ஈரலுக்கு அது ஏலாது. அமோனியா மூளைக்கு ஏறும். பாணி அதை மலத்தோடு வெளியேற்றுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று தரம் இளகிப் போகவேண்டும். அதற்கு மேல் போனால் நீர் வற்றி மாறாட்டம் கூடும். அப்போதும் டொக்டரிடம் கேட்டு அளவைக் குறைக்கலாமே தவிர நாமாக நிறுத்தக்கூடாது. மாறாட்டம் திரும்பத் திரும்ப வந்தால் ரிபாக்சிமின் குளிசையும் சேர்ப்பார்கள். ஈரலுக்குக் கூடாது என்று மீனையும் முட்டையையும் மறித்ததும் நான்தான். அதுவும் பிழை, இந்த நோயாளிக்குப் புரதம் கட்டாயம் வேண்டும்.

மாமா தெளிந்தார். நான் கத்தியது அவருக்கு ஞாபகமில்லை. அதைச் சாட்டாக வைத்து நான் மன்னிப்பும் கேட்கவில்லை. பிறகு இரத்த வாந்தி எடுத்துப் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் வீட்டில் ஈரல் வருத்தக்காரர் மாறாட்டமாகக் கதைத்தால் வாயை மணந்து பார்க்காதீர்கள். கடைசியாக எப்போது வயிற்றால் போனது, மலம் கறுப்பாகப் போனதா, காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள். நித்திரைக் குளிசை கொடுக்காமல் உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.