பாட்டுக்காரிக்காக ஒரு கண்ணீர்

உறவினருக்காக அழுவதை உலகம் ஏற்றுக்கொள்கிறது. நேரில் ஒருநாளும் கண்டிராத ஒருவருக்காக யாரேனும் அழுதால், "உனக்கு அவர் என்ன உறவு?" என்று கேட்கிறது. இக்கேள்வி நியாயமானதுதானா என்று சற்றுச் சிந்திப்போம்.

2020 மார்ச் 29, ஞாயிறு. மதுரையை அடுத்த பரவையில் நாட்டுப்புறப் பாடகி பரவை முனியம்மா மறைந்தார். கோயில் திருவிழா மேடைகளில் பாடிவந்த அவரை, 2003இல் வெளிவந்த 'தூள்' திரைப்படம் தமிழகம் முழுவதும் அறியச் செய்தது. கலைமாமணி விருதும் அவரைத் தேடி வந்தது. எனினும் இறுதி ஆண்டுகள் நோயோடும் வறுமையோடும் கழிந்தன. நாடெங்கும் ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள் அவர் இறந்தார். கூடி அழவும் வழியில்லாத காலம் அது.

அன்று மாலை நம் பெர்ன்ஹில் பங்கிலிருந்து ஒரு பெண்மணி அலைபேசியில் அழைத்தார். "சாமி, டிவியில பாடுற பாட்டி செத்துப்போச்சுன்னு அத்தை காலையிலருந்து சாப்பிடல. நீங்களாவது சொல்லுங்க" என்றார்.

மாமியாரிடம் பேசினோம். மதுரைப் பக்கத்திலிருந்து மணமாகி மலையேறி வந்தவர் அவர். அவருடைய தாய் நடவு வயலில் பாட்டெடுத்துக் கொடுப்பவராம். இங்கே கேரட் தோட்டத்தில் நடவும் இல்லை, குலவையும் இல்லை. பாடிய வாய் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. "அந்தம்மா பாடுனா எங்கம்மா வரப்புல நின்னு பாடுற மாதிரி இருக்கும் சாமி. இனி மறந்துபோன அடியை நான் யாருகிட்டக் கேட்டுக்குவேன்?" என்றார். உண்ணும்படி நாம் வற்புறுத்தவில்லை. அவருக்கு நினைவிருந்த ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டோம். மூன்று அடிகள் வந்தன. நான்காவது வரவில்லை.

அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. மக்களில்லாத ஆலயத்தில் காலையில் நாம் வாசித்த நற்செய்தி, இலாசரின் கல்லறை முன் இயேசு கண்ணீர் விட்ட பகுதி. சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்பதை அறிந்திருந்தும் அவர் அழுதார். ஆகவே அழுகை நம்பிக்கையின்மை ஆகாது. சூழ நின்றவர்களும் அக்கண்ணீரில் அன்பின் அளவையே கண்டார்கள்.

அந்தத் தாய் அழுதது ஒரு திரைப்புகழுக்காக அன்று. ஏட்டில் எழுதப்படாத பாடல்கள், பாடுவோரின் நெஞ்சில் மட்டுமே வாழ்கின்றன. பாடுபவர் மறையும்போது அவையும் மண்ணுக்குள் போகின்றன. தன் தாயை இரண்டாம் முறை அடக்கம் செய்த துயரம் அது.

அன்பர்களே, நம் இல்லங்களில் தாலாட்டும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அருகில் அமர்ந்து பாடச் சொல்லுங்கள். பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். நான்காவது அடியை அவர்கள் மறப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.